போன் நம்பர் கேட்டால் என்ன சொல்வது? தனிப்பட்ட தகவலைக் காக்க ஒரு தொடக்க வழிகாட்டி

துணிக்கடையில் பில் போடும்போது "போன் நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள். மருந்துக்கடையிலும் கண்ணாடிக்கடையிலும் இதே கேள்விதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி நோட்டை நீட்டுகிறார். நாமும் யோசிக்காமல் பத்து இலக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். வரிசையில் பின்னால் நிற்பவர் காதிலும் அது விழுகிறது.

ஸ்மார்ட்போனை இப்போதுதான் வாங்கியவர்களுக்கும், வாங்கிப் பல வருடம் ஆகியும் செட்டிங்ஸ் பக்கமே போகாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வரிசையாக ஒவ்வொன்றாக முடித்தால் போதும்.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். மறைப்பது பற்றிய கவலை இல்லை இது. முன்பின் தெரியாத ஒருவர் போனில் கூப்பிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி, போன மாதம் அம்மாவைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லி, "இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றால் நம்பிவிடுவீர்களா, மாட்டீர்களா? நம்ப வைப்பது அவருடைய பேச்சு மட்டும் இல்லை, அவர் கையில் இருக்கும் தகவலும்தான்.

அந்தத் தகவல் ஒரே இடத்திலிருந்து போவதில்லை. கடையில் கொஞ்சம், ஆஸ்பத்திரியில் கொஞ்சம், சாப்பாட்டுச் செயலியில் முகவரி, பள்ளியில் குழந்தையின் பிறந்த தேதி என்று சிதறிக் கிடக்கிறது. உதிரிப்பூவாகக் கிடக்கும் இவற்றைக் கோத்து மாலையாக்கும் நார் உங்கள் கைபேசி எண். எல்லாப் பட்டியலிலும் பொதுவாக இருப்பது அதுதான். அதனால் வேலையை எண்ணிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் எண்

கடையில் பணம் கொடுத்துப் பொருள் வாங்க எண் தேவையில்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வாடிக்கையாளரிடம் கைபேசி எண் தந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என சில்லறை விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம்பா, பேப்பர் பில்லே போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். கேட்கிற பிள்ளை முதலாளி சொன்னதைச் செய்கிறது, அதனிடம் கோபப்பட வேண்டாம். "சிஸ்டம் ஏத்துக்காதுங்க" என்று பதில் வந்தால், கடையின் சொந்த எண்ணையே போட்டுக்கொள்ளச் சொல்லலாம். பல இடங்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.

முடிந்தால் எண்ணை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று வங்கி, ஆதார், யுபிஐ ஆகியவற்றுக்கு மட்டும். அதைக் கடையிலும் சொல்லாதீர்கள், விசிட்டிங் கார்டிலும் அடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பும் அதில் வேண்டாம். மற்றொன்று ஊர் உலகத்துக்கு. இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செலவு இருக்கிறது, எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் மின்னஞ்சலையாவது பிரித்துவிடுங்கள்: வங்கிக்கு ஒரு ஜிமெயில், சலுகை, சினிமா டிக்கெட், ஷாப்பிங்குக்கு வேறொன்று. அதற்குச் செலவே கிடையாது.

யுபிஐ-யில் ஒரு சின்ன வேலை. பல பணப் பரிமாற்றச் செயலிகளில் உங்கள் கைபேசி எண்ணே யுபிஐ ஐடியின் முன்பாதியாக வந்து உட்கார்ந்திருக்கும். யாருக்கு ஐடியைக் கொடுத்தாலும் எண்ணும் சேர்ந்து போகிறது. செயலியின் புரொஃபைல் பக்கத்தில் போய், எண் இல்லாத வேறொரு ஐடியை உருவாக்கி அதையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் அடையாளத்தில் வாங்கப்பட்ட இணைப்புகளின் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்பு வைத்துக்கொள்ளலாம். ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. உங்களுக்குத் தெரியாத எண் பட்டியலில் இருந்தால் 'என் எண் இல்லை' என்று அங்கேயே குறிக்க முடியும். என்றோ சிம் வாங்கக் கொடுத்த ஜெராக்ஸில் வேறு யாரோ சிம் எடுத்திருப்பது இப்படித்தான் வெளியே வருகிறது. இதற்குச் செயலியை நிறுவ வேண்டியதில்லை, இணையதளமே போதும். புதுப் போன்கள் எல்லாவற்றிலும் இந்தச் செயலியை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டதும், கடும் எதிர்ப்புக்குப் பின் 2025 டிசம்பர் தொடக்கத்தில் அதை விலக்கிக்கொண்டதும் நடந்தது. சேவை நல்லது. எந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்பதைப் போனின் சொந்தக்காரர் முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுபவர்கள் இதைக் கவனியுங்கள். இணைப்பு முடங்கிய எண் குறைந்தது 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். 2023 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உச்ச நீதிமன்றத்திலேயே இதைச் சொன்னது. அந்தப் புதுச் சொந்தக்காரருக்கு உங்கள் வங்கியின் ஓடிபி போகும். எண்ணை விடும் முன் வங்கி, ஆதார், கேஸ், மின்வாரியம், ஜிமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் புது எண்ணை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'சேஞ்ச் நம்பர்' என்றே ஒரு வசதி உண்டு. மாற்றி முடிக்கும்வரை பழைய சிம்மைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள்.

ஆதார் ஜெராக்ஸ்

நம்மூரில் மிக அதிகமாகக் கசிவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்கக்கா, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்கிறார் தம்பி. நீங்கள் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் அனுப்புகிறீர்கள். ஐந்து ரூபாயில் வேலை முடிந்தது. ஆனால் அந்த மூன்றும் கடையின் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன, கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் இருக்கின்றன. அந்தக் கோப்புறையைத் திறந்தால் ஊரில் பாதிப் பேரின் அட்டைகள் வரிசையாக நிற்கும். தம்பி நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கணினியில் நாளைக்கு உட்காரப்போகிறவரை அவருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது: வீட்டிலேயே, உங்கள் போனிலேயே, ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' பக்கத்தில் நுழைந்து 'மாஸ்க்டு ஆதார்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்குங்கள். அதில் 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும்தான் தெரியும், முதல் 8 மறைந்திருக்கும். இதுவும் ஆணையம் தருகிற அதே அட்டைதான். ஓட்டலில் அறை எடுக்கவும், விடுதியில் சேரவும், வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கும் இதையே கொடுங்கள். பதிவிறக்கிய கோப்புக்குப் பூட்டு உண்டு. உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் சாவி. உங்களை அறிந்தவர் யாரும் ஊகித்துவிடக்கூடியது என்பதால், பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் கோப்பை எங்கும் போட்டு வைக்காதீர்கள்.

கடையில் பிரிண்ட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுத்ததும் அவர் கண் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள். கணினியில் இறங்கிய கோப்பையும், ரீசைக்கிள் பின்னில் கிடப்பதையும் அழிக்கச் சொல்லுங்கள். "எதுக்குங்க இவ்ளோ" என்று கேட்டால் "பழக்கம்பா" என்று சொல்லிக்கொள்ளலாம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், இன்டர்நெட் சென்டர்களில் ஆதாரைப் பதிவிறக்கினால் கோப்பை நிரந்தரமாக அழியுங்கள் என்று அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கை போனாலும் அதிலிருந்த புத்தி நல்ல புத்திதான்.

முழு எண் உள்ள நகலைத் தந்தே தீர வேண்டிய இடத்தில், படத்தின் மேல் படும்படி "இன்ன வங்கியில் இன்ன கணக்குக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த நகலை இன்னொரு வேலைக்குத் திருப்பிவிடுவது கடினமாகும்.

அடுத்தது கைரேகைப் பூட்டு. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து வெறும் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறை ஒன்று உண்டு, அதற்கு ஓடிபி வராது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த கைரேகையை நகலெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் சில மாநிலங்களில் பதிவாயின. மைஆதார் பக்கத்தில் 'லாக் பயோமெட்ரிக்ஸ்' என்பதைப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். ஒரு எச்சரிக்கை: பூட்டிவிட்டு ரேஷன் கடையில் விரல் வைத்தால் வேலை செய்யாது. போவதற்கு முன் சில நிமிடங்களுக்குத் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், அல்லது கார்டில் பெயருள்ள, பூட்டாத ஒருவர் போகலாம். வங்கி முகவரிடம் விரல் வைத்துத்தான் உதவித்தொகை எடுக்கிறார் பாட்டி என்றால், அவருடையதைப் பூட்டிவிட்டு நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். அவர் வெயிலில் நின்று திரும்பி வருவார்.

அதே பக்கத்தில் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கெங்கே சரிபார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். புரியாதது ஏதாவது இருந்தால் 1947 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம்.

போனுக்குள்: அனுமதிகள்

செட்டிங்ஸைத் திறந்து மேலே தேடும் இடத்தில் 'பர்மிஷன் மேனேஜர்' என்று தட்டுங்கள். போன் கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறும் என்பதால் தேடிப் போவதே சுலபம். கேமரா, காண்டாக்ட்ஸ், லொகேஷன், மைக், எஸ்எம்எஸ் என்று பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் தொட்டால் எந்தெந்தச் செயலிக்கு அந்த அனுமதி இருக்கிறது என்று தெரியும். பார்த்ததும் பலருக்குத் தூக்கிவாரிப்போடும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலைக்கு இது எதற்கு? வாடகை கார் செயலிக்கு லொகேஷன் வேண்டும், சரி. நாள்காட்டிச் செயலிக்கு எதற்கு? அமெரிக்காவில் 2013-லேயே ஒரு டார்ச் லைட் செயலி பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிடித்தது. வெளிச்சம் காட்டும் செயலிக்கு நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பதில் என்ன அக்கறை?

லொகேஷனில் 'செயலி திறந்திருக்கும்போது மட்டும்' என்பதை வையுங்கள். வானிலை போன்றவற்றுக்குத் துல்லிய இருப்பிடம் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் தோராய இருப்பிடம் மட்டும் கொடுக்க முடியும். அதே ஆண்ட்ராய்டு 12-லிருந்து கேமராவோ மைக்கோ ஓடினால் திரையின் வலது மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். யாரும் பேசாதபோது புள்ளி தெரிந்தால், மேலிருந்து கீழே இழுத்து அதைத் தொடுங்கள். எந்தச் செயலி என்று காட்டிவிடும்.

காண்டாக்ட்ஸ் அனுமதியை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். மைக்கைக் கொடுத்தால் உங்கள் தகவல் போகிறது. காண்டாக்ட்ஸைக் கொடுத்தால் உங்களை நம்பி எண் தந்த எல்லோருடைய தகவலும் போகிறது. ஒரு வினாடி வினாச் செயலி ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை எடுத்து, அது அரசியல் பிரசார நிறுவனம் ஒன்றின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் 2018-ல் வெடித்தபோது, ஃபேஸ்புக்கே ஒரு கணக்குத் தந்தது. அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். மீதிப் பேர் எதையும் நிறுவவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. நண்பர் பட்டியலில் இருந்ததுதான் அவர்கள் செய்தது.

நம்மூரில் இதன் கொடூர முகம் கடன் செயலிகள். ஐயாயிரம் ரூபாய்க்காக அனுமதி கொடுத்தவரின் மாமனார், மேலதிகாரி, பிள்ளையின் டீச்சர் வரை கூப்பிட்டுக் கேவலப்படுத்தியதையும், படத்தை வெட்டி ஒட்டி அனுப்பியதையும், அதைத் தாங்காமல் உயிரை விட்டவர்களையும் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் காண்டாக்ட்ஸ், அழைப்புப் பதிவு, கோப்புகள், படங்கள் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2023 மே மாத இறுதியிலிருந்து பிளே ஸ்டோரும் தன் விதிகளில் இதைத் தடை செய்திருக்கிறது. ஆகவே விஷயம் எளிது: கடன் செயலி காண்டாக்ட்ஸ் கேட்கிறதென்றால், அது விதியை மீறுகிற செயலி. அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரும் இணைப்பைத் தட்டி எந்தச் செயலியையும் நிறுவவே வேண்டாம், கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும்கூட.

தமிழில் தட்டச்சு செய்ய விசைப்பலகைச் செயலி போட்டிருக்கிறீர்களா? புதிதாக ஒன்றை நிறுவும்போது, 'நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொல், கார்டு எண் உட்பட, இது சேகரிக்கக்கூடும்' என்று ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கை காட்டும். எல்லோரும் 'ஓகே' கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த வாசகம் உண்மை. விசைப்பலகை வழியாகத்தான் எல்லாமே போகிறது. போனோடு வந்த விசைப்பலகையிலேயே பெரும்பாலும் தமிழ் இருக்கும், கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டிலும் இருக்கிறது. பெயர் தெரியாத ஒன்றை, அழகான எழுத்துரு தருகிறது என்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸ்அப்

இங்கே நான்கு வேலைதான். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்' பகுதியில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்கப் பின் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். யாராவது ஏமாற்றி ஓடிபி வாங்கிவிட்டாலும் இந்தப் பின் இல்லாமல் உள்ளே வர முடியாது. 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். அலுவலகத்திலோ நெட் சென்டரிலோ என்றோ திறந்தது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். 'பிரைவசி'யில் உங்கள் படத்தையும், யார் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். கடைசியாக, பேக்கப். செய்திகள் போகும் வழியில் மறையாக்கம் (இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) உண்டு. ஆனால் கூகுள் டிரைவில் சேமிக்கும் நகலுக்கு அது தானாக வராது, 'என்ட்-டு-என்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்பதை நீங்களே இயக்க வேண்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவில் லொகேஷன் இயங்கினால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டு வாசலில் எடுத்த குழந்தை படம் என்றால் இதை நினைவில் வையுங்கள். கேமரா செட்டிங்ஸிலேயே அந்த வசதியை அணைப்பது இன்னும் நல்லது.

கூகுளும் விளம்பரமும்

செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' என்று தேடினால் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' வரும். ஒரு செயலியில் நீங்கள் செய்வதை இன்னொன்றில் செய்வதோடு சேர்த்துப் பார்க்க உதவும் அடையாள எண் அது. அழித்தால் விளம்பரம் நிற்காது, ஆனால் உங்களைத் துரத்துவது குறையும். பிறகு கூகுள் கணக்கின் 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதியில் தேடல், யூடியூப் வரலாறுகளை 3 மாதத்துக்கு ஒருமுறை தானாக அழியும்படி வையுங்கள்.

பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' என்ற மறைவுப் பக்கத்தைத் திறந்தால் யாருக்கும் தெரியாது என்பது பரவலான நம்பிக்கை. உங்கள் போனில் வரலாறு சேராது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும் இணையச் சேவை நிறுவனத்துக்கும் தெரியும். இதை மறைத்ததாக அமெரிக்காவில் 2020-ல் தொடுக்கப்பட்ட வழக்கில், சேர்த்து வைத்த பதிவுகளை அழிப்பதாக 2024 ஏப்ரலில் வெளியான சமரசத்தில் கூகுள் ஒப்புக்கொண்டது.

கடவுச்சொல்

ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள். ஒரு சின்னக் கடையின் தளம் உடைந்தால் உங்கள் ஜிமெயிலும் சேர்ந்து போகும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவும் வேண்டாம். போனோடு வரும் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் அல்லது பிட்வார்டன் போன்ற ஒரு செயலி கடவுச்சொற்களை உருவாக்கி, நினைவும் வைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது ஒத்துவராவிட்டால் நோட்டில் எழுதி பீரோவில் வைப்பதில் தவறே இல்லை. உக்ரைனிலோ ஜார்க்கண்டிலோ உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எல்லாவற்றையும்விட ஜிமெயிலுக்கு வலுவான கடவுச்சொல்லும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு முறை நீங்கள்தானா என்று கேட்பது) வையுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதமெல்லாம் அங்கேதான் வருகிறது.

ஏற்கெனவே கசிந்திருந்தால்

கசிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் பாட் (கேட்டால் தானாகப் பதில் தரும் கணக்கு) வழியாகக் கிடைப்பதாகச் செய்தி வெளியானது. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக அந்த பாட்களை உருவாக்கிய ஹேக்கர் கூறிக்கொண்டார். மருத்துவ அறிக்கைகளும் அதில் இருந்தன. நிறுவனம் டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடவுச்சொல் போனால் மாற்றிவிடலாம், நோயை மாற்ற முடியாது. இதனால்தான் ஒவ்வொரு படிவத்திலும் நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாகவே விடச் சொல்கிறேன். கொடுக்காத தகவலை யாராலும் தொலைக்க முடியாது.

'ஹேவ் ஐ பீன் போன்டு' என்ற இலவசத் தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். வந்திருக்கும் தளங்களின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதே கடவுச்சொல் வைத்த மற்ற இடங்களிலும் மாற்றுங்கள். மற்றபடி, உங்கள் விவரம் தெரிந்தவர் போல யார் கூப்பிட்டாலும், விவரம் தெரிந்திருப்பதை அவர் உண்மையானவர் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கிலோ பாலிசியிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. அதையொட்டி வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே, 2027-ல், நடைமுறைக்கு வருகின்றன. என்ன தகவல், எதற்காக என்று எளிய மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அரசு அமைப்புகளுக்குத் தாராளமாக விலக்கு தந்திருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

2027 வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தகவல் சேகரிக்கும் நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். செயலியின் 'பிரைவசி பாலிசி' பக்கத்தின் அடியில் அவர் மின்னஞ்சல் இருக்கும். இப்படி எழுதுங்கள்:

"ஐயா, உங்கள் செயலியில் இந்த எண்ணில் எனக்குக் கணக்கு இருந்தது. அதை இப்போது பயன்படுத்தவில்லை. என் தகவலைப் பயன்படுத்த நான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். என் பெயர், எண், முகவரி, படம் ஆகியவற்றை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்துமூலம் தெரிவிக்கவும். சட்டப்படி வைத்திருக்க வேண்டியது ஏதும் இருந்தால் எது, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவும்."

செயலியை நீக்கும் முன் இதை அனுப்புங்கள், அல்லது செயலிக்குள்ளேயே 'டெலீட் அக்கவுன்ட்' கொடுங்கள். திரையிலிருந்து செயலியை மட்டும் தூக்கினால் அங்கே உங்கள் கணக்கு அப்படியே இருக்கும்.

பணம் போய்விட்டால் வரிசை வேறு. முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வங்கிக்குப் போவதும் வீட்டில் சொல்வதும் அதற்குப் பிறகு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்த முடிவது ஆரம்பத்தில்தான். பரிவர்த்தனை எண், போன தொகை, வந்த அழைப்பின் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்படியே தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். மிரட்டல் செய்தி, குரல் பதிவு, ஸ்கிரீன்ஷாட் எதையும் வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள், போலீஸ் கேட்பது அதைத்தான்.